மஞ்சள் வரியைப் பிடித்தபடி பிரிக்பீல்ட்ஸில் ஒரு நாள்

ஈப்போவிலிருந்தோ கிள்ளானிலிருந்தோ உறவினர் வந்தால், கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் அவர்களை அழைத்துச் செல்ல எல்லாரிடமும் ஒரே பாதைதான் இருக்கிறது. கே.எல். சென்ட்ரல் ரயில் நிலையத்தில் இறங்கியதும் தோரண வாயிலின் முன் ஒரு படம், பூக்கடையில் இரண்டு முழம் மல்லிகை, வாழையிலைச் சாப்பாடு, அதன் பிறகு பொழுது சாயும்வரை புடைவைக் கடை. 2010 அக்டோபரில் ‘லிட்டில் இந்தியா’ என்று திறந்து வைக்கப்பட்டதிலிருந்து, வெளியூர்க்காரர் பார்வையில் இந்த வட்டாரம் முழுவதும் ஜாலான் துன் சம்பந்தன் என்ற ஒரே தெருவாகச் சுருங்கிவிட்டது. பன்னிரண்டு ஆண்டுகளாக இங்கே குடியிருப்பவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: அந்தத் தெருவிலிருந்து ஒரு சந்து உள்ளே திரும்பினால்தான் பிரிக்பீல்ட்ஸ் கண்ணில் படும்.

இதை எனக்கு எடுத்துக்காட்டியவர் என் மாமா. ரயில்வேயில் ஷண்டராக, அதாவது பெட்டிகளைப் பிரித்தும் கோத்தும் விடும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது கிள்ளானில் இருக்கிறார். சென்ற மாதம் வந்திருந்தபோது பூக்கடையையும் பார்க்காமல் புடைவைக் கடையையும் பார்க்காமல், நடைபாதையில் பதித்திருந்த மஞ்சள் ஓடுகளைச் செருப்பால் தடவிப் பார்த்துக்கொண்டு நின்றார். “எங்க காலத்துல இது இல்லப்பா. இது எங்க போகுது?” என்று கேட்டார். நானும் அதுவரை யோசித்ததில்லை. சரி, போய்த்தான் பார்ப்போமே என்று இருவரும் அந்த வரியைப் பிடித்துக்கொண்டு நடந்தோம்.

அந்த ஓடுகள் பார்வையற்றோருக்கானவை. நீள நீளமான மேடுகள் இருந்தால் ‘இந்தத் திசையில் நட’ என்று பொருள். வட்ட வட்டமான புள்ளிகள் இருந்தால் ‘நில், முன்னே சாலையோ படியோ திருப்பமோ இருக்கிறது’ என்று பொருள். 1965இல் ஜப்பானியரான செய்இச்சி மியாகே உருவாக்கி, 1967இல் ஒக்கயாமா நகரில் முதன்முதலில் பதிக்கப்பட்ட ஏற்பாடு இது. கண்ணை மூடிக்கொண்டு பத்தடி நடந்து பார்த்தேன். ஏழாவது அடியில், வரியின் மேலேயே நிறுத்தி வைத்திருந்த ஒரு மோட்டார் சைக்கிளில் முழங்காலை இடித்துக்கொண்டேன். தினமும் அந்த வழியாக நடப்பவர்களின் முழங்கால்களை நினைத்துக்கொண்டேன்.

நாங்கள் பிடித்த வரி, ஆங்காங்கே அறுந்தும் மீண்டும் தொடங்கியும், ஜாலான் தெபிங் பக்கமாகக் கொண்டுபோய் விட்டது. தெபிங் என்றால் மலாயில் ஆற்றங்கரை. 1951இல் தொடங்கப்பட்ட மலேசியப் பார்வையற்றோர் சங்கத்தின் வளாகம் அங்கேதான் இருக்கிறது. பார்வையற்றோர் பலர் பயிற்சிக்காக இங்கே வந்து, பிறகு இந்தச் சுற்றுவட்டாரத்திலேயே பிழைப்பையும் அமைத்துக்கொண்டதால், பக்கத்துத் தெருக்களில் பார்வையற்றோர் நடத்தும் உடம்புபிடி நிலையங்கள் வரிசையாக உள்ளன. பயணிகள் பெரும்பாலும் அவற்றைக் கடந்து போய்விடுவார்கள்.

மாமாவின் இடுப்பு வலியைச் சாக்காக வைத்து ஒன்றில் ஏறினோம். மெல்லிய திரையால் பிரித்த நான்கு கட்டில்கள், தைல வாசனை, மூலையில் தாழ்ந்த குரலில் ஓடிக்கொண்டிருந்த தமிழ் வானொலி. ஐம்பதைத் தாண்டிய தமிழர் ஒருவர் மாமாவைக் கவனித்துக்கொண்டார். முடிந்ததும் அறுபது வெள்ளி, அதாவது ரிங்கிட், என்று நினைத்து இரண்டு தாள்களை நீட்டினேன். முதல் தாளை விரல்களுக்கு இடையில் விட்டு ஓர் இழுப்பு இழுத்துச் சட்டைப் பையில் வைத்தார். இரண்டாவதைக் கட்டைவிரலால் ஒருமுறை தேய்த்துவிட்டுச் சிரித்தார். “இது அஞ்சு வெள்ளி தம்பி. பத்து குடுங்க.” எப்படித் தெரிந்தது அண்ணே என்று கேட்டேன். ஐந்து வெள்ளித் தாள் பாலிமர், வழுக்கும். பத்து வெள்ளி காகிதத் தாள், அதைவிட ஒரு நூல் நீளமும் கூட. என் பணப்பையில் இருந்தவற்றை எடுத்து அருகருகே வைத்துப் பார்த்தபோதுதான் அந்த ஐந்து மில்லிமீட்டர் வித்தியாசம் எனக்குத் தெரிந்தது.

அங்கிருந்து ஜாலான் பெர்ஹாலாவுக்கு நடந்து போகலாம். பெர்ஹாலா என்றால் வழிபாட்டுச் சிலை. தெருவுக்கு அந்தப் பெயர் பொருத்தமானதுதான். 1894ஆம் ஆண்டிலிருந்து வேர்விட்ட பௌத்த மகா விகாரை இங்கே இருக்கிறது. ரயில்வேயிலும் அரசாங்க அலுவலகங்களிலும் வேலைக்கு வந்த சிங்களவர்கள் எழுப்பியது. விசாக நாளில் கூட்டம் நெரியும். சாதாரண நாளில் போனால் நீங்களும் புறாக்களும்தான். அதே தெருவில், சுவாமி சாந்தானந்த சரஸ்வதியின் வழிகாட்டலில் 1981இல் பிறந்த நுண்கலைக் கோவிலும் இருக்கிறது. மாலை நேரத்தில் வாசலில் நின்றாலே சலங்கை ஒலி கேட்கும்.

இலங்கைத் தொடர்பு இத்துடன் முடியவில்லை. ஸ்காட் சாலைப் பக்கத்தில் யாழ்ப்பாணத்துச் சைவர்கள் கட்டிய கந்தசுவாமி கோவில் உண்டு. “ஸ்டேஷன் மாஸ்டர்னா யாழ்ப்பாணத்தார், தண்டவாளத்துல நின்னா நம்ம ஆளு” என்று மாமா சொன்னது கேலியாக இருந்தாலும் வெள்ளைக்காரன் காலத்து ரயில்வேயின் அமைப்பு ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது. ஜாலான் ரொசாரியோவில், 1905 வாக்கில் அரசாங்கம் தன் ஊழியர்களுக்காகக் கட்டிய ‘நூறு குவார்ட்டர்ஸ்’ இருந்த பகுதியில் மாமா அதிக நேரம் நின்றார். யார் யார் வீடு எது எது என்று அவர் அடுக்கியதை இங்கே எழுதினால் பதிவு முடியாது. பிரதான சாலையில் இருந்தும் பலர் பார்க்காமல் போகும் விவேகானந்த ஆசிரமத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன். 2014இல் அந்த நிலத்தில் அடுக்குமாடித் திட்டம் எழுந்தபோது மக்கள் திரண்டு எதிர்த்தார்கள். பின்னர் 2016இல் அது பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

ஊர்ப்பெயரில் உள்ள செங்கல்லை மட்டும் இன்று எங்கும் காண முடியாது. 1881இல் தீயும் வெள்ளமும் ஒரே ஆண்டில் கோலாலம்பூரைச் சூறையாடின. மரமும் அத்தாப்பு ஓலைக் கூரையும் இனி உதவாது, செங்கல்லும் ஓடும்தான் வேண்டும் என்று பிரிட்டிஷ் நிர்வாகி சுவெட்டன்ஹாம் உத்தரவிட, சீனர்களின் தலைவரான கப்பித்தான் யாப் ஆ லோய் செங்கல் தொழிலை இங்கே நிறுவினார். சூளைகள் போன இடத்துக்கு ரயில் வந்தது. ரயில் பெட்டிகள் நின்ற பரந்த யார்டு 2001இல் கே.எல். சென்ட்ரல் ஆனது.

மாலை மாமாவை வழியனுப்ப அங்கேதான் போனோம். பேரங்காடியின் நடுவே நின்று, “இங்கதான்டா எங்க லைன் போச்சு” என்று ஒரு காப்பிக் கடையைக் காட்டினார். பிறகு சந்தேகம் வந்து, இல்லை, பக்கத்துச் செருப்புக் கடை என்று திருத்திக்கொண்டார். 1886இல் கோலாலம்பூரின் முதல் ரயில் ஓடியதும் கிள்ளான் திசையில்தான். அந்தத் திசைக் கொமியூட்டர் ரயிலுக்கு மாமா இறங்கிப் போனபோது கவனித்தேன்: அங்கேயும் மஞ்சள் ஓடு பதித்திருந்தார்கள். அதன் மேல் ஒரு காலுக்கு முன் ஒரு காலாக வைத்து, தண்டவாளத்தில் நடப்பவரைப் போல நடந்து போனார்.