எத்தனை பார்?

ராத்திரி ஏழு மணிக்கு எங்கள் வீட்டு ஹாலைப் பார்த்தால், கறிக்கடையில் ஈ அடிக்க மாட்டியிருக்கும் நீல விளக்குதான் ஞாபகத்துக்கு வரும். இது நான் சொன்னதில்லை. மன்னார்குடியிலிருந்து சிங்கப்பூருக்கு வந்திறங்கிய அம்மா, செருப்பைக் கழற்றும் முன்பே சொன்னது.

பின்னால் வந்த அப்பாவுக்கு நிலைமை இன்னும் மோசம். சலவைத்தூளில் வெண்மைக்காக ஏதோ சேர்க்கிறார்களாம், அதன் மேல் ஊதா ஒளி பட்டால் தானும் பளீரென்று ஒளிரும். அப்பா சோபாவில் உட்கார்ந்ததும் வேட்டி மட்டும் தனியாக மிதப்பது போலத் தெரிந்தது. என் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

விஷயம் இதுதான். யீஷூனில் 12-வது மாடியில் வீவக வீடு, அதாவது அரசு கட்டிய அடுக்குமாடி வீடு. ஹாலில் இரண்டடித் தொட்டி, 120 லிட்டர் உப்புத் தண்ணீர், இரண்டு கோமாளி மீன்கள், கொஞ்சம் பவளம். மீனுக்கு எந்த விளக்கு போட்டாலும் கவலையில்லை. பவளத்துக்கு அப்படி முடியாது. அதன் சதைக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கிறது. அந்தப் பாசி வெளிச்சத்தை வைத்துச் சமைத்து, வீட்டு ஓனரான பவளத்துக்கு வாடகையைச் சாப்பாடாகவே கொடுத்துவிடும். அதனால் பவளம் வளர்ப்பவன் உண்மையில் விளக்குதான் வளர்க்கிறான்.

முதலில் டி5 குழல் விளக்கு பார்த்தேன். வெளிச்சம் தொட்டி முழுக்க ஒரே சீராக விழும், ஆனால் வருடத்துக்கு ஒருமுறை எல்லாக் குழலையும் மாற்ற வேண்டும். அடுத்து மெட்டல் ஹாலைடு. தண்ணீருக்குள் வெயில் அலையடிப்பது போல அவ்வளவு அழகு. கூடவே 250 வாட் சூடு. பவளத்துக்குத் தண்ணீர் 26 டிகிரியில் இருந்தால் சுகம். இங்கே வீட்டுக்குள்ளேயே 30. ஏற்கெனவே தண்ணீரைக் குளிர்விக்க ஒரு சில்லர் ஓடிக்கொண்டிருக்கிறது. "மீனுக்கு ஏசி, நமக்கு ஃபேன்" என்று மனைவி தினமும் ஒருமுறை சொல்லிவிடுவாள். அதோடு ஹாலைடும் வந்தால் நான்தான் வெளியேற வேண்டியிருக்கும். ஆக, எல்இடி.

கடைக்காரர் கேட்ட முதல் கேள்வி: "எத்தனை பார் வேணும்?"

கூட வந்த மனைவி, "எதைப் பார்க்கணும்?" என்றாள்.

பார் என்றால், பாசி சமைக்கப் பயன்படுத்தும் ஒளி எவ்வளவு விழுகிறது என்று சொல்லும் கணக்கு. உச்சி வெயில் ஏறத்தாழ 2,000. காளான் மாதிரி இருக்கும் மஷ்ரூம் பவளத்துக்கு 50 முதல் 100 போதும். சுத்தியல் நுனிகளோடு ஆடும் ஹாமருக்கு 100 பக்கம். மான் கொம்பு போன்ற அக்ரோபோராவுக்குத்தான் 250, 300 என்று வேண்டும். என்னிடம் அக்ரோபோரா கிடையாது, வாங்கும் தைரியமும் கிடையாது. ஆனாலும் கடையில் நின்றால் மனசு "எதற்கும் இருக்கட்டுமே" என்றது. கல்யாணத்துக்குச் சமையல்காரரிடம் ஆள் கணக்கு சொல்லும்போது வருகிற அதே புத்தி. 600 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலரை இங்கே அப்படித்தான் சொல்வோம்), நான்கடித் தொட்டிக்குப் போதுமான விளக்கை வாங்கி இரண்டடித் தொட்டி மேல் தொங்கவிட்டேன்.

ஏன் இத்தனை நீலம் என்று அப்பா கேட்டார். கடலுக்குள் இறங்க இறங்கச் சிவப்பு முதலில் காணாமல் போகும், நீலம்தான் ஆழம் வரை போகும், பவளம் அதற்குப் பழகிய உயிர் என்று விளக்கினேன். "அப்ப நாமளும் கடலுக்கடியிலயா குடியிருக்கோம்?" என்றார். பதில் இல்லை.

இரண்டு வாரத்தில் ஹாமர் சுருங்கி, கைகளை உள்ளே இழுத்துக்கொண்டது. மஷ்ரூம் வெளிறியது. நான் போனில் ஒளி அளக்கும் செயலியை இறக்கிப் பார்த்தேன். குறைவாகத்தான் காட்டியது. உடனே விளக்கை 100 சதவீதத்துக்கு ஏற்றினேன். இந்தப் பதிவில் வரும் முட்டாள்தனங்களில் இதுதான் பெரியது. மனிதக் கண்ணுக்கு எவ்வளவு பிரகாசமாகத் தெரியும் என்பதைத்தான் அந்தச் செயலி அளக்கும். நீலத்தை நம் கண் குறைத்துத்தான் பார்க்கிறது, செயலியும் அப்படியே. நண்பரிடமிருந்து உண்மையான பார் மீட்டர் வாங்கி ஹாமர் பக்கத்தில் வைத்தபோது 390 காட்டியது. வெளிச்சம் மிஞ்சினால் உள்ளே இருக்கும் பாசியே நஞ்சு கக்க ஆரம்பிக்கும், ஓனர் வாடகைதாரரைத் துரத்திவிடுவார். அப்புறம் ஓனருக்குப் பட்டினி.

எவ்வளவு குறைக்கலாம், எத்தனை நாளில் குறைக்கலாம் என்று நான் தலையை உடைத்துக்கொண்டிருந்த நேரத்தில், ஒரு சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்து பார்த்தால் ஹாமர் லேசாகக் கை நீட்டியிருந்தது. அடுத்த நாள் இன்னும் கொஞ்சம். ஒரு வாரத்தில் முழுசாக விரிந்து ஆடியது. நிறம் திரும்ப எப்படியும் சில வாரம் ஆகும், ஆனால் உயிர் வந்துவிட்டது. நான் ஒரு பொத்தானைக்கூடத் தொடவில்லை. தண்ணீர் மாற்றியதால்தான் என்று முடிவுகட்டி, மீட்டர் கொடுத்த நண்பருக்குப் போன் செய்து அரை மணி நேரம் அறிவுரை சொன்னேன்.

வெள்ளிக்கிழமை தலைவலி என்று மதியமே வீட்டுக்கு வந்தேன்.

தொட்டியின் மேல், மீன் குதிக்காமல் இருக்கப் போட்டிருந்த வலைச் சட்டத்தின் மேல், அப்பாவின் பழைய வேட்டி நான்காக மடித்து விரித்திருந்தது. அதில் வரிசை வரிசையாக ஜவ்வரிசி வடகம். மேலே 600 வெள்ளி விளக்கு ஜெகஜ்ஜோதியாக எரிந்துகொண்டிருந்தது.

"என்னம்மா இது?"

"வெளியில போட்டா மத்தியானம் மத்தியானம் மழை கொட்டுது. ஜன்னல் கம்புல போட்டுக் கீழ விழுந்துச்சுன்னா கேஸ் போடுவாங்கன்னு இவ சொல்றா. இது சும்மாதானே எரியுது? நீ வர்றதுக்கு முன்னாடி எடுத்துடுவேன்."

மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். பத்து நாளாக அவளுக்கும் தெரியும்.

வேட்டிக்குக் கீழே மீட்டரை விட்டேன். 110.

அன்றைக்கே விளக்கை 35 சதவீதத்துக்கு இறக்கினேன். வெளிச்சம் போய்விட்டதே என்று அம்மாவுக்கு வருத்தம். அந்த விளக்கில் வடகம் ஒருநாளும் காயவில்லை என்பது வேறு கதை. எல்இடியிலிருந்து கீழே அவ்வளவாகச் சூடு வராது, அடியிலோ தொட்டித் தண்ணீர் நாள் முழுக்க ஆவியாகிக்கொண்டிருக்கும். கடைசியில் ஃபேனடியில் போட்டுத்தான் காயவைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை பொரித்தோம். நன்றாகத்தான் பொரிந்தது. ஒன்றைக் கடித்துவிட்டு மனைவி, "உப்பு கொஞ்சம் தூக்கல் அத்தை" என்றாள்.

"கடல் காத்து பட்டதுல்ல" என்றார் அம்மா.