டட்லி பாறையில் கடல் அல்லிகள்

இங்கிலாந்தின் டட்லியில் இருக்கும் ரென்ஸ் நெஸ்ட் குன்றுக்கு எங்கள் வீட்டிலிருந்து ஒரே பஸ். 1956-லேயே தேசிய இயற்கைக் காப்பிடமாக அறிவித்த இடம். பாறையில் சுத்தியல் படக்கூடாது, லென்ஸோடு குனிந்து பார்க்கலாம். சுமார் 43 கோடி ஆண்டுகளுக்கு முன், சைலூரியன் காலத்தில், இது ஆழமில்லாத வெதுவெதுப்பான கடல். அன்றைய பவளத்திட்டுகள் இன்றும் அடுக்கில்லாத முண்டுகளாகத் துருத்திக்கொண்டு நிற்கின்றன. குவாரிக்காரர்கள் அவற்றை 'க்ராக் பால்' என்பார்கள்.

அடுக்குகளில் எங்கும் கண்ணில் படுவது கல்லாகிப்போன கடல் அல்லித் தண்டின் வட்டுகள்தான். கடல் அல்லி பெயருக்குத்தான் பூ; உண்மையில் அது தண்டின் உச்சியில் கைகளை விரித்து நிற்கும் கடல் விலங்கு. அதன் உடம்பு சின்னச் சின்னத் தட்டுகளால் ஆனது; தண்டின் தட்டுகள்தான் இந்த வட்டுகள். சட்டைப் பொத்தான் போல நடுவில் துளை, விளிம்பைச் சுற்றி மெல்லிய ஆரக்கோடுகள். அடுத்த வட்டின் கோடுகளோடு அவை கோத்துக்கொள்ளும். உடைந்த வட்டை வெயிலில் திருப்பினால் உடைந்த முகம் முழுக்கப் பளிச்சென்று மின்னும். ஒவ்வொரு வட்டும் கால்சைட் என்ற சுண்ணாம்புக் கனிமத்தின் ஒற்றைப் படிகம், அதனால்தான்.

வட்டுகள் குவிந்து கிடந்தால் உடனே புயல் சிதறடித்தது என்று முடிவுகட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை. கடல் அல்லி சிதறப் புயலே வேண்டாம். நட்சத்திர மீனுக்குச் சொந்தம் அது; தட்டுகளைக் கட்டி வைத்திருப்பது வெறும் சதையும் நாரும். அவை அழுகினால் இரண்டொரு வாரத்துக்குள் கைகள் உதிர்ந்துவிடும், தண்டு இன்னும் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். தட்டுகளுக்குள் நுண்துளைகள் நிறைய என்பதால் எடையும் குறைவு. லேசான நீரோட்டமே உருட்டிக்கொண்டு போய்விடும். வட்டு கிடக்கும் இடத்தில்தான் அந்த உயிர் வாழ்ந்தது என்று சொல்லிவிட முடியாது.

கைகளோடு முழுசாகக் கிடைப்பவற்றின் கதை வேறு. உயிரோடு இருக்கும்போதோ, செத்த உடனேயோ சேறு மூடியிருக்க வேண்டும். பிறகு எதுவும் அதைக் கிளறியிருக்கக் கூடாது. அவ்வளவு சேறு தங்குவது திட்டின் உச்சியில் அல்ல, திட்டுகளுக்கு இடையிலும் ஓரத்திலும் இருக்கும் அமைதியான பள்ளங்களில். ஆகவே மியூசியத்தின் அழகான முழு மாதிரிகளை மட்டும் எண்ணி, திட்டில் எந்த இனம் அதிகம் என்று கணக்குப் போட்டால் சேற்றுப் பள்ளத்தின் கணக்குத்தான் வரும்.

அலையடிக்கும் உச்சியில் வாழ்ந்தவை விட்டுப்போனது பெரும்பாலும் தண்டின் அடியில் பற்றிக்கொள்ளும் வேர்ப்பிடி மட்டுமே: பவளத்தோடு இறுகிப்போன ஒரு சின்னக் கட்டி. அது நகராது. இங்கேதான் வாழ்ந்தது என்று துணிந்து சொல்ல எனக்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. சங்கடம் என்னவென்றால், பல இனங்களின் வேர்ப்பிடிகள் ஒரே மாதிரி இருக்கும். எந்த இனம் என்று அதை மட்டும் வைத்துச் சொல்வது பெரும்பாடு.