22-ஆவது தட்டு

"இருபத்திரண்டு, பாய்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

2024 பிப்ரவரி, காஷ்மீரின் குல்மார்க். அபர்வட் முகட்டுக்குக் கீழே, பனிச்சரிவு வருமா என்று சோதிக்கக் குழி தோண்டி, 30 சென்டிமீட்டர் சதுரத்தில் பனியைத் தூண்போல வெட்டியிருந்தேன். தூணின் தலையில் பனி அள்ளும் ஷவலை வைத்து மணிக்கட்டால் 10 தட்டு, முழங்கையை மடக்கி 10, தோளிலிருந்து கையை வீசி 10. தோள்தட்டில் இரண்டாவதற்கு உடைந்தது. கணக்குப்படி அது எளிதில் உடையாத பனி. எங்களைக் கூட்டிப்போன வழிகாட்டி பாய் தலையாட்டினார். வந்திருந்த ஆறு பேரும் ஒருவர்பின் ஒருவராக ஸ்கீயில் இறங்கினார்கள். ஒன்றும் நடக்கவில்லை.

உடைந்த விதத்தை நான் சொல்லவில்லை. மேல்பனி முழுப் பலகையாக, மேசை டிராயரை இழுத்ததுபோல என் மடிமேல் வழுக்கி வந்தது. அடியில் சீனி மாதிரி மணிகள், அள்ளிப் பிடித்தால் உருண்டையாகாது. அந்த ஜனவரியில் குல்மார்க் வறண்டு கிடந்தது எல்லோருக்கும் தெரியும். பனி மெலிந்து, வானம் தெளிந்து, குளிர் கடுமையானால் அடிப்பனிக்கும் மேல்பனிக்கும் இடையில் வெப்பம் வெகுவாக மாறும். உள்ளிருக்கும் நீராவி மேலேறி இப்படி ஒட்டாத மணிகளாக உறையும். பிறகு பெய்வதெல்லாம் அவற்றின் மேல்தான் உட்காரும். எத்தனை தட்டு என்பது பனிச்சரிவைக் கிளப்புவது எவ்வளவு கடினம் என்று காட்டும். கிளம்பிவிட்டால் விரிசல் எவ்வளவு தூரம் ஓடும் என்பதற்கு உடைந்த விதத்தைத்தான் பார்க்க வேண்டும்.

அவர் எண்ணைத்தான் கேட்டார். அந்த மலையில் இருபது குளிர்காலம் கழித்தவர். எனக்கு அது முதல் சீசன். காற்று வேறு ஏறிக்கொண்டிருந்தது, நின்று விளக்க நேரமில்லை. இதெல்லாம் உண்மை. ஆனால் "வழுக்கிக்கிட்டு வந்துச்சு, பாய்" என்று சொல்ல மூன்று விநாடி போதும். சொல்லியிருந்தால் திரும்பியிருப்போம், எனக்கும் இறங்க ஆசையாக இருந்தது. இதை எழுத இத்தனை நாள் ஆனது.

மூன்றாம் நாள் காலை கண்டோலாவிலிருந்து, அதாவது மலையேறும் கம்பிவட வண்டியிலிருந்து பார்த்தேன். அதே சரிவில் பனி இரவில் தானாகவே உடைந்து சரிந்திருந்தது. மேலே கத்தியால் வெட்டியதுபோல நீளமாக ஒரு விளிம்பு. அங்கே யாரும் இல்லை. அம்மாதம் 22-ஆம் தேதி கிலன்மார்க் பக்கம் வேறொரு பனிச்சரிவில் ஒரு ரஷ்யர் இறந்தார். அது வேறு இடம், வேறு நாள், எங்கள் குழியோடு அதை முடிச்சுப்போட எனக்கு உரிமையில்லை. போடாமலும் இருக்க முடியவில்லை.

அந்த மணிகளைப் பெரும்பாலான இடங்களில் ஒரு மனித எடை எட்டாது, ஆழத்தில் இருந்தன என்றும் வாதாடலாம். ஆனால் பாறையோரம் பனி மெலிந்திருக்கும் ஒரு இடம் போதுமே, அங்கே ஒருவர் திரும்பினால் போதுமே.

சீசன் முடிவில் பாயிடம் சொன்னேன். வெகுநேரம் பேசாமலிருந்தார்.

"நீ சொல்லியிருந்தாலும் அன்னைக்கு இறங்கியிருப்பேன்" என்றார்.

என்னைத் தேற்றச் சொன்னாரா, நிஜமாகவே அப்படித்தானா, தெரியவில்லை. நிஜமென்றால் எனக்கு அது இன்னும் பயமாக இருக்கிறது.