விநியோக நிறுவனத்திடமிருந்து எங்கள் நிலுவையைப் பெற்ற விதம்

ராமநாதபுரத்தில் நானும் என் மைத்துனரும் நடத்திவந்த மோட்டார் சைக்கிள் ஷோரூமை மூடிய பிறகு, அந்த வெளிநாட்டு பிராண்டின் இந்திய விநியோக நிறுவனத்திடமிருந்து எங்களுக்கு வர வேண்டிய பணத்தைப் பெற்ற விதத்தை இங்கே எழுதுகிறேன். இதே நெருக்கடியில் இருக்கும் டீலர்கள் சிலர் கேட்டதால் விவரமாகவே சொல்கிறேன்.

பிணக்கு ஒவ்வொரு மார்ச் மாதமும் தொடங்கும். ஆண்டு இலக்கை எட்டுவதற்காக, நாங்கள் கேட்காத வண்டிகளையும் எங்கள் பெயரில் பில் போட்டு அனுப்பிவிடுவார்கள். எங்கள் கடற்கரையிலோ ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். மண்டபத்திலும் பாம்பனிலும் ராமேஸ்வரத்திலும் விசைப்படகுகள் கரையில் நிற்கும்போது, மீனவர் வீடுகளில் மட்டுமின்றி ஐஸ் கம்பெனி, மீன் லாரி, டீக்கடை வரை பணப்புழக்கம் வற்றிவிடும். புது வண்டிக்கு முன்பணம் கட்ட யாரும் வரமாட்டார்கள். அதற்குள், வண்டிகளை இருப்பு வைக்க வாங்கும் ஸ்டாக் கடனின் வட்டியில்லாக் காலம் முடிந்து, வட்டி எங்கள் தலையில் விழும். ஏரியா மேனேஜர் எங்கள் நிலையை உணர்ந்தவர்தான். இலக்கைக் குறைக்கும் அதிகாரம் அவரிடம் இல்லை.

இன்னொன்று துரு. ஒருபுறம் மன்னார் வளைகுடா, மறுபுறம் பாக் நீரிணை. கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று அடித்தாலும் வாடை அடித்தாலும் உப்பு வந்து படியும். ஸ்போக்ஸ் ரிம்மோடு சேரும் இடத்தில் செம்பொட்டுகள் தோன்றும். ஹெட்லைட்டுக்குப் பின்னால் இருக்கும் வயர் கப்ளரைக் கழற்றினால் பின்களில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும். இதைச் சுற்றுச்சூழல் பாதிப்பு என்று சொல்லி வாரண்டி கிளெய்மைத் தள்ளுபடி செய்வார்கள். "அண்ணே, வாங்கி ஒரு வருசம்கூட ஆகலையே" என்று வாடிக்கையாளர் எங்கள் முன்னால்தான் வந்து நிற்பார். கடலோர மாவட்டத்தில் வண்டி விற்பவர்கள் உப்புக்காற்றுக்கும் பொறுப்பேற்க வேண்டும் என்பதே இன்றுவரை என் உறுதியான கருத்து.

டீலர்ஷிப்பை ஒப்படைக்க முடிவு செய்ததும், விலகல் கடிதம் அனுப்புவதற்கு முன்பே, நிறுவனத்தின் போர்ட்டலிலிருந்து கணக்கு அறிக்கை, ஸ்கீம் அறிவிப்புகள், வாரண்டி கிளெய்ம்கள், இலவச சர்வீஸ் கூப்பன் விவரங்கள் அனைத்தையும் இறக்கிப் பிரதி எடுத்து வைத்தோம். கடிதம் போய்ச் சேர்ந்த சில நாட்களில் எங்கள் லாகின் முடக்கப்பட்டது. அவர்கள் அனுப்பிய இறுதிக் கணக்கில் பண்டிகைத் தள்ளுபடிக்கான கிளெய்ம்கள் பலவும் விடுபட்டிருந்தன. ஒவ்வொன்றுக்கும் பில்லையும் ஒப்புதல் மின்னஞ்சலையும் இணைத்துத் திருப்பி அனுப்பினோம். உதிரிபாகங்களை எண்ண வந்த தணிக்கையாளர் பேரிங் பெட்டிகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்து, சீல் கிழிந்தவற்றைத் தனியே ஒதுக்கினார்.

பதில் நின்றுபோனபோது வழக்கறிஞரை அணுகினோம். சிறுதொழில் நிலுவைகளுக்கான மன்றத்துக்குப் போகலாம் என்று பலர் யோசனை சொன்னார்கள். ஆனால் 2021 முதல் வணிகர்களுக்கும் திறந்துவிடப்பட்ட உத்யம் எனப்படும் சிறுதொழில் பதிவு, எங்களைப் போன்ற வணிகர்களுக்கு வங்கிகளின் முன்னுரிமைத் துறைக் கடனுக்கு மட்டுமே உதவும் என்பதால் அந்த வழி எங்களுக்கு அடைபட்டிருந்தது. ஒப்பந்தத்தில், தகராறை நீதிமன்றத்துக்குப் பதிலாக ஒரு நடுவரிடம் தீர்த்துக்கொள்ளும் ஷரத்து இருந்தது; நடுவரை விநியோக நிறுவனமே நியமிக்கும் என்றும் எழுதியிருந்தது. தகராறில் ஒரு தரப்பாக இருப்பவர் தனி நடுவரைத் தன்னிச்சையாக நியமிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2019இல் கூறியிருப்பதைச் சுட்டிக்காட்டி, 1996ஆம் ஆண்டு நடுவர் தீர்ப்பு மற்றும் சமரசச் சட்டத்தின் 21ஆவது பிரிவின்படி, நடுவர் விசாரணையைத் தொடங்கக் கோரும் நோட்டீஸ் அனுப்பினோம். நிலுவையைச் சட்டப்படி கோருவதற்கான மூன்றாண்டுக் காலவரம்பு ஓடிக்கொண்டிருந்ததால், பேச்சுவார்த்தையை மட்டும் நம்பி நோட்டீஸைத் தள்ளிப்போட முடியவில்லை.

அந்த நோட்டீஸுக்குப் பிறகுதான் முடிவெடுக்கக்கூடிய அதிகாரி ஒருவர் எங்களோடு பேச முன்வந்தார். விற்காத வண்டிகளை பில் விலைக்கே திரும்ப எடுக்கவும், டீலர்ஷிப்புக்காக நாங்கள் கட்டியிருந்த வைப்புத்தொகையை முழுமையாகத் தரவும் ஒப்புக்கொண்டார்கள். வட்டியில் ஒரு பங்குதான் கிடைத்தது. திரும்பப் போன வண்டிகளுக்கு ஜிஎஸ்டியுடன் கூடிய கிரெடிட் நோட்டை (பில் தொகையைக் குறைத்துத் தரும் ஆவணம்), பில் போட்ட நிதியாண்டுக்கு அடுத்து வரும் நவம்பர் 30க்குள் அவர்கள் கணக்கில் காட்டியாக வேண்டும் என்பதால், அதற்கு ஒரு தேதியையும் உடன்படிக்கையில் எழுதச் சொன்னோம்.

கடைசியாக நின்றது எங்கள் வாடிக்கையாளர்களின் வாரண்டி. அதை மதுரையில் உள்ள டீலர் ஏற்று நடத்துவார் என்பதையும், வண்டியை அங்கே கொண்டுசெல்லும் செலவு நிறுவனத்துடையது என்பதையும் எழுத்தில் சேர்த்த பிறகே கையெழுத்திட்டோம்.