புத்தகப் பையும் பிள்ளையின் முகமும்

கிளிநொச்சிப் பக்கத்துப் பாடசாலையொன்றில், வெளிநாட்டு உறவுகள் அனுப்பிய புத்தகப் பைகளை வழங்கியபோது பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் படமெடுத்து, பெயர், வகுப்பு, ‘தந்தையை இழந்தவர்’ என்ற விபரம் ஆகியவற்றுடன் முகநூலில் இட்டிருந்தார்கள்.

தாய்மார் பலருக்கு மனம் நொந்தாலும், அடுத்த முறை உதவி நின்றுவிடுமோ என்ற அச்சத்தில் வாய் திறக்கவில்லை. போருக்குப் பின்னர் தனித்து நின்று பிள்ளை வளர்ப்பவர்களின் அந்த அச்சத்தை நான் குறைசொல்ல மாட்டேன். ஒருவர் மட்டும் பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் எழுந்து, “கணக்குக் காட்டக் கையொப்பம் காணும்தானே சேர், என்ர பிள்ளையின்ர முகம் என்னத்துக்கு?” என்று கேட்டார். அதிபர் படத்தை நீக்கினார். அதற்குள் பலர் பகிர்ந்துவிட்டனர்.

இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்ட ஐ.நா. சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 16ஆம் உறுப்புரை பிள்ளையின் அந்தரங்கத்தைப் பாதுகாக்கிறது. அதைச் சுட்டிக்காட்டி, எழுத்துமூலச் சம்மதமின்றிப் படமெடுக்கக் கூடாதென்றும், மறுப்பவரின் பிள்ளைக்கும் அதே உதவி கிடைக்கவேண்டுமென்றும் இப்போது பெற்றோர் சிலர் கடிதம் கொடுத்திருக்கிறார்கள்.