கேதார்கண்டா பனியில் பட்டும் பாலியெஸ்டரும்

உத்தராகண்டின் கேதார்கண்டா சிகரத்துக்கு மலையேறப் போகும் வழியில், டேராடூனின் பல்டன் பஜாரில், ‘சுத்தமான பட்டுத் தெர்மல்’ என்று சொல்லி ஒரு கடைக்காரர் என் தலையில் கட்டப் பார்த்த குளிர்தாங்கும் உள்ளாடையை நினைத்தால் இன்னமும் கோபம் வருகிறது. தையலோரம் நீட்டிக்கொண்டிருந்த நூலைப் பிய்த்துத் தீக்குச்சியில் காட்டச் சொன்னேன். அசல் பட்டாக இருந்தால் முடி கருகும் வாடையுடன் எரிந்து, விரலால் தேய்த்ததும் பொடியாக உதிர்ந்திருக்கும். இதுவோ உருகிச் சுருண்டு, நுனியில் கெட்டியான கறுப்பு மணியாக உறைந்தது. பாலியெஸ்டரேதான். அதைப் பாலியெஸ்டர் விலைக்குக் கொடுத்திருந்தால் சண்டையே இல்லை. அவர் கேட்டதோ அதைப் போல மூன்று மடங்கு!

மலையேற்றம் தொடங்கும் சாங்க்ரி கிராமம் வரை பேருந்தில் போனதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. அங்கிருந்து ஏறக்குறைய 3,800 மீட்டர் உயரமுள்ள கேதார்கண்டாவுக்கு ஏறும்போதுதான் துணியின் குணம் தெரிகிறது. ஜூடா தாலாப் ஏரிக்குச் செல்லும் ஏற்றத்தில், ஊரிலிருந்து கொண்டுபோன அசல் பட்டு உள்ளாடையை அணிந்திருந்தேன். பட்டு ஈரத்தை இழைக்குள்ளேயே வாங்கிக்கொள்வதால் தொடக்கத்தில் மேனி உலர்ந்தே இருந்தது. ஆனால் முதுகுப்பையின் அடியில் வியர்வை ஊறிய பிறகு, மூச்சு வாங்க நின்ற இடத்தில் காற்று அடித்ததும் முதுகு முழுவதும் சில்லிட்டது. பாலியெஸ்டர் இழையோ நீரை உறிஞ்சுவதே இல்லை எனலாம்: சாதாரண ஈரப்பதத்தில் பட்டு தன் எடையில் சுமார் 11 சதவீதம் ஈரத்தை ஏற்கும்போது, பாலியெஸ்டர் 0.4 சதவீதமே ஏற்கிறது. அதனால் வியர்வை இழைகளின் இடுக்குகள் வழியே வெளிப்புறம் பரவி விரைவில் காய்கிறது. உச்சிக்குப் புறப்பட்ட விடியற்காலையில் தோலை ஒட்டிப் பாலியெஸ்டர், அதன்மேல் ஃபிளீஸ் எனும் புசுபுசுப்பான கதகதப்புச் சட்டை, காற்றைத் தடுக்க ஒரு மேலங்கி என்று போனேன். நின்றாலும் நடந்தாலும் நடுக்கமில்லை.

நாற்றம்தான் பாலியெஸ்டரின் சாபக்கேடு. உடலின் எண்ணெய்ப் பிசுக்கைப் பிடித்துவைத்துக்கொள்ளும் அந்தத் துணியை மறுநாள் கூடாரத்துக்குள் கழற்றினால், பக்கத்தில் படுத்திருப்பவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கும். இரவில் பட்டுக்கு ஈடில்லை: கைக்குள் அடங்குமளவுக்கு மடிகிறது, உறக்கப் பைக்குள் சுருளாமல் வழுக்கிக்கொடுக்கிறது, உலர்ந்திருக்கும்வரை அந்த மெல்லிய துணிக்கு நம்ப முடியாத கதகதப்பு.

கையில் காசு குறைவென்றால் பாலியெஸ்டரை மட்டும் வாங்குங்கள். தூங்குவதற்கென்று தனியாகச் செலவழிக்க முடிந்தவர்களுக்கே பட்டு. பராமரிப்பிலும் அது செல்லப்பிள்ளைதான். புரத இழையென்பதால் காரமான சலவைத்தூள் அதை அரிக்கும், வெயில் மஞ்சளாக்கும். ஷாம்பூவில் அலசி, முறுக்கிப் பிழியாமல், நிழலில்தான் உலர்த்த வேண்டும்.