ஓட்டை அடைக்கிறவன்

சத்துவாச்சாரியில் மாமனார் வீட்டுக்கு வருகிற சொந்தக்காரர்கள் "மாப்ள இன்னா வேலை பண்றாரு?" என்று கேட்டால், அவர் இரண்டே வார்த்தையில் முடித்துவிடுவார்: "ஓட்டை அடைக்கிறாரு." எல்லோரும் சிரிப்பார்கள். அவர் சொல்வதில் தப்பொன்றும் இல்லை. தண்ணியில்லாத ஆறு, மரமில்லாத மலை, ராஜா இல்லாத கோட்டை என்று வேலூரைப் பற்றி ஒரு பழைய கேலி உண்டு. இருக்கலாம். ஆனால் ஓட்டையில்லாத சுவரை மட்டும் இந்த ஊரில் நான் பார்த்ததே இல்லை.

கட்டடம் முடிகிற சமயம் எலக்ட்ரீஷியன், பிளம்பர், ஏசிக்காரர் எல்லோரும் அவரவர் பங்குக்கு கோர் கட்டிங், அதாவது மெஷினால் ஓட்டை, போட்டிருப்பார்கள். ஒரு இன்ச் கேபிளுக்கு நாலு இன்ச் ஓட்டை. மிச்ச இடத்தில் தீயும் புகையும் போகாமல் அடைப்பதுதான் எங்கள் வேலை. முக்கியமாக எலக்ட்ரிக்கல் ஷாஃப்ட். கீழ்த்தளத்திலிருந்து மொட்டை மாடிவரை நேராக ஏறுகிற அது, அடைக்காமல் விட்டால் வெறும் புகைபோக்கி. ஒவ்வொரு மாடியிலும் அதை அடைக்கவேண்டும், தளம் எவ்வளவு நேரம் தீயைத் தாங்குமோ அவ்வளவு நேரம் அடைப்பும் தாங்கவேண்டும் என்று 2016 தேசியக் கட்டட விதித்தொகுப்பு சொல்கிறது. 2011 டிசம்பரில் கொல்கத்தாவில் ஒரு மருத்துவமனையின் அடித்தளத்தில் தீப்பிடித்து 90 பேர் அளவுக்குச் செத்தார்கள். பெரும்பாலானவர்களைத் தீ தொடவேயில்லை. மேல் மாடிகளில் படுத்திருந்தவர்களிடம் புகைதான் போய்ச் சேர்ந்தது. வேலூர் மருத்துவமனைகளை நம்பிப் பிழைக்கிற ஊர். அதனால் எனக்கு அந்தக் கதை தூரத்துக் கதையாகத் தெரிவதில்லை.

காட்பாடிப் பக்கம் ஒரு கட்டடத்தில் "அதெல்லாம் எப்பவோ பூசியாச்சுப்பா" என்றார் மேஸ்திரி. பார்க்கவும் வழவழவென்று இருந்தது. ஸ்க்ரூடிரைவரால் ஒரு குத்து குத்தினேன். கால் இன்ச் பூச்சு உதிர்ந்து, உள்ளேயிருந்து ஒரு முழு சிமென்ட் பை வந்தது. அதற்குள் தினத்தாள், ஒரு காலி பீடிக்கட்டு. தீக்கு இதைவிட நல்ல விருந்து வைக்க முடியாது.

அவருக்குக் கோபம். "உன் பசை மட்டும் இன்னா பெரிய இரும்பா?" என்றார். அந்தப் பசைக்கு சீலன்ட் என்று பேர். காய்ந்த துண்டு ஒன்றைக் குறட்டில் பிடித்து கேஸ் டார்ச் தீயில் காட்டினேன். கறுத்தது, அப்புறம் மெதுவாகப் புடைக்க ஆரம்பித்தது. "இன்னாடா இது, எண்ணெயில போட்ட வடகமாட்டம் உப்புது!" என்று கிட்டே வந்து குனிந்தார். அதுதான் விஷயம். சூடு பட்டால் பெருத்து இடைவெளியை மூடிக்கொள்ளும். பிவிசி குழாய்க்கு இது மட்டும் போதாது. குழாயே உருகிப்போய் அந்த இடம் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். அதனால் குழாயைச் சுற்றி இரும்பு காலர் மாட்டுவோம். உள்ளே இருக்கிற பட்டை சூட்டில் உப்பி, இளகுகிற குழாயை நெரித்து மூடிவிடும். "கழுத்தைப் பிடிக்கிறாமாரி" என்றார் மேஸ்திரி. அதற்கப்புறம் டீ அவர் கணக்கு.

இந்த வேலையின் உண்மையான எதிரி ராக்வூல், ஓட்டைக்குள் திணிக்கிற கல் இழைப் பஞ்சு. கத்திரி வெயிலில், காற்றே இல்லாத ஷாஃப்டுக்குள், வியர்த்த கையில் அந்தத் தூள் ஒட்டினால் ராத்திரி தூக்கம் கிடையாது. ஃபுல்கை சட்டை, கையுறை, மாஸ்க் எல்லாம் போட்டும் கழுத்து வழியாக இறங்கிவிடும். சொறியக்கூடாது, பச்சைத் தண்ணீர் ஊற்றிக் கழுவவேண்டும். புதுப் பையன்கள் இரண்டாம் நாளே "வேற வேலைக்குப் போறேண்ணா" என்பார்கள். தடுக்க எனக்கு வாய் வராது.

நானும் ஒருமுறை ஏமாற்றினேன். ஒரு மருத்துவமனையின் நாலாவது மாடி. ஏசி காற்று போகிற டக்டுக்குப் பின்னால் ஒரு ஓட்டை. சுவரின் இரண்டு பக்கமும் அடைத்தால்தான் கணக்கு. அந்தப் பக்கம் கை எட்டவில்லை. மறுநாள் ஹேண்டோவர், வேலையை ஒப்படைக்கவேண்டும். இந்தப் பக்கம் மட்டும் அழகாக அடைத்து, ஸ்டிக்கர் ஒட்டி, தேதி எழுதி, போட்டோ எடுத்து அனுப்பிவிட்டேன். யாரும் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டார்கள், இது சீலிங்குக்கு மேலே மறைந்துபோகிற வேலை. நாலு நாள் பொறுத்தேன். ஐந்தாம் நாள் போய் சைட் இன்ஜினியரிடம் சொன்னேன். அவர் திட்டியதை இங்கே எழுத முடியாது. சீலிங் போர்டை வெட்டித் திறந்துதான் அந்தப் பக்கம் போக முடிந்தது. போர்டு காசு என் பில்லில் கழிந்தது. ஸ்டிக்கரில் பழைய தேதிக்குக் கீழே புதுத் தேதியையும் எழுதினேன்.

போன வருஷம் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன், அதே கட்டடம், அதே மாடி. அம்மாவை உள்ளே கூட்டிப்போன பிறகு வராண்டாவில் உட்கார்ந்திருந்தேன். ஏசி பையன் ஒருவன் ஏணி போட்டு சீலிங்கைத் திறந்து வைத்திருந்தான். அவனிடம் சொல்லிவிட்டு ஏறிப் பார்த்தேன். இரண்டு தேதியும் அப்படியே இருந்தன. பக்கத்தில், என் சீலன்டைக் குத்திக்கொண்டு ஒரு நீலநிற நெட்வொர்க் கேபிள் போயிருந்தது. சுற்றிலும் சுண்டுவிரல் நுழைகிற சந்து.

வண்டிப் பெட்டியில் பாதி ட்யூப் கிடந்தது ஞாபகம் வந்தது. முனை காய்ந்திருக்கும், வெட்டிக்கொள்ளலாம்.

"தம்பி, ஏணியை எடுத்துடாத. கீழ போய்ட்டு அஞ்சு நிமிஷத்துல வந்துடறேன்."